தராசில் ஏறாத அலாய் வீலை வாங்காதீர்கள்

தேவகோட்டைத் தம்பி ஒருவரின் கேள்வி, சுருக்கமாக இது. வீட்டில் 2018 மாடல் ஸ்விஃப்ட், கம்பெனியிலிருந்தே 15 இன்ச் அலாயோடு வந்தது. ஒரு வீல் பென்டாகிவிட்டது, மற்ற மூன்றும் பெயின்ட் உரிந்து கிடக்கின்றன. மதுரையில் ஒரு கடையில் 17 இன்ச் செட் ஒன்றைக் காட்டி, "இது ஃபோர்ஜ்டு, கம்பெனி வீலைவிட லைட்" என்று நாலுக்கும் சேர்த்து 44 ஆயிரம் சொல்கிறார்கள். இன்னொரு கடையில் ஃப்ளோ ஃபார்ம்டு என்று 16 இன்ச் காட்டுகிறார்கள். இந்த வகைகளில் எது எடை குறைவு, எது நம் ரோட்டுக்குத் தாங்கும், ஓட்டும்போது வித்தியாசம் தெரியுமா? அடுத்த மாதம் படைப்பு, அதாவது முன்னோருக்குப் படைக்கும் விசேஷம் வருகிறது, பங்காளிகள் எல்லாரும் கூடும்போது வண்டி பளிச்சென்று நிற்க வேண்டும். அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) முதுகு வலி வேறு.

நான் காரைக்குடியில் இருபது வருடத்துக்கு மேலாக அலைன்மென்ட், பேலன்சிங் வேலை பார்க்கிறேன். அலாய் விற்பதில்லை, அதனால் எந்தப் பக்கமும் சாய வேண்டிய கட்டாயம் எனக்கில்லை. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: 17 இன்ச்சில் உண்மையான ஃபோர்ஜ்டு வீல், அதாவது வார்க்காமல் அழுத்தி அடித்துச் செய்தது, நாலு 44 ஆயிரத்துக்குக் கிடைக்காது. அந்தக் காசு நல்ல வார்ப்பு வீலுக்குச் சரியான விலை. ஃபோர்ஜ்டு என்றால் ஒரு வீலுக்கே அதை ஒட்டிய தொகையைக் கேட்பார்கள், ஆர்டர் கொடுத்துச் செய்தால் செட் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிடும். கடைக்காரர் தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். அந்த வீலில் ஒன்றை எடுத்துத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசு போதும், பெட்டி தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசு இருந்தாலும் சரி. பதினொரு கிலோவை ஒட்டி வந்தால் அது வார்ப்பு என்று அதுவே சொல்லிவிடும்.

செய்முறை புரிய வேண்டுமானால் உங்கள் வீட்டுச் சாமான் அறையைத் திறந்து பாருங்கள். வெண்கல உருளி இருக்கும், அது வார்த்தது. கனம், தடித்த விளிம்பு, கை தவறிக் கல் தரையில் விழுந்தால் விண்டுவிடும். பக்கத்திலேயே பித்தளைத் தவலை இருக்கும், அது தகடாக அடித்து உருவாக்கியது. மெல்லிசு, பருமனுக்கு எடையே இல்லை, விழுந்தால் நசுங்கும், ஆனால் உடையாது. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் போய்ப் பாருங்கள், விண்ட உருளி கிடைக்கும், ஒடுக்கு விழுந்த தவலை கிடைக்கும், மாற்றிப் பார்ப்பது அபூர்வம். அலாய் வீல் விஷயமும் ஏறக்குறைய இதுதான். உருக்கி ஊற்றினால் ஒரு குணம், அழுத்தி அடித்தால் வேறு குணம்.

வார்ப்பிலேயே இரண்டு உண்டு. ஒன்று, உருகிய அலுமினியத்தை மேலிருந்து அச்சுக்குள் ஊற்றி, தன் கனத்தாலேயே நிரம்ப விடுவது. எளிது, மலிவு. ஆனால் ஓரங்களில் காற்றுக் குமிழி நிற்கும், உலோகம் ஒரே சீராக இறுகாது. அந்தப் பலவீனத்தை ஈடுகட்ட கனமாகச் செய்ய வேண்டியிருக்கும். இன்னொன்று, உலையைக் கீழே வைத்து, காற்றழுத்தத்தால் உலோகத்தைக் குழாய் வழியாக மேலே அச்சுக்குள் தள்ளுவது. பெரிய அழுத்தம் என்று நினைக்காதீர்கள், நம் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும் அழுத்தத்தைத் தாண்டாது. ஆனால் அச்சு கீழிருந்து நிதானமாக நிரம்புவதால் குமிழி குறைகிறது. கார் கம்பெனிகள் வண்டியோடு தரும் அலாய்களில் பெரும்பாலானவை இப்படிச் செய்தவைதான். உங்கள் ஸ்விஃப்ட்டின் பழைய வீல்களைக் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த வீல்களில் அதிகம் புழங்கும் கலவை ஏ356. அலுமினியத்தோடு ஏழு சதவீதம் சிலிக்கான், துளி மெக்னீசியம். வார்த்த பிறகு 540 டிகிரியை ஒட்டிச் சூடாக்கி, தண்ணீரில் குளிர்வித்து, மறுபடி 150 டிகிரி சுற்றில் சில மணி நேரம் வைத்துப் பதப்படுத்துகிறார்கள். டி6 என்று எழுதியிருப்பது இந்தப் பதத்தைத்தான். வீலின் பலத்தில் பெரும்பங்கு இந்தச் சூட்டுக் கணக்கில் இருக்கிறது. இதை மனதில் வையுங்கள், பென்ட் எடுக்கும் இடத்தில் திரும்ப வருகிறேன்.

ஃப்ளோ ஃபார்ம்டு என்பது வார்ப்புக்கும் அடிப்புக்கும் நடுவில். முகப்பும் ஆரங்களும் வார்ப்பு. டயர் உட்காரும் உருளைப் பகுதியை மட்டும் முதலில் குட்டையாக, தடிப்பாக வார்த்துக்கொள்கிறார்கள். பிறகு அதை 350 டிகிரி சுற்றில் சூடாக்கி, சுழலவிட்டு, கெட்டியான உருளைகளால் அழுத்தி இழுக்கிறார்கள். வேளார் சக்கரத்தில் மண்ணைச் சுழலவிட்டு, விரலால் அழுத்திச் சுவரை உயர்த்துவாரே, அதே கைவேலைதான், மண்ணுக்குப் பதில் அலுமினியம். தடிப்பாக இருந்தது மெல்லிசாக நீள்கிறது, உலோகத்தின் உள்மணிகளும் ஒரே திசையில் நெருங்கிப் படுகின்றன. அதே வடிவ வார்ப்பு வீலோடு பார்த்தால் சுமார் 15 சதவீதம் எடை குறையும். ஜப்பானின் என்கெய் கம்பெனி இந்த முறையை மேட் என்ற பெயரில் பல வருடங்களாகச் செய்கிறது. சிலர் இதையே ரோட்டரி ஃபோர்ஜ்டு என்று எழுதி விற்கிறார்கள். அந்தப் பெயரில் ஃபோர்ஜ்டு என்ற சொல் ஒட்டிக்கொண்டிருப்பதால் ஏமாறுபவர்கள் நிறையப் பேர். முகப்பு வார்ப்பு, வார்ப்பேதான்.

ஃபோர்ஜ்டு என்றால் உருக்குவதே கிடையாது. 6061 என்ற கலவையில் உருண்டைக் கட்டியை வெட்டி, சூடாக்கி, எட்டாயிரம் பத்தாயிரம் டன் அழுத்தம் தரும் பிரஸ்ஸில் வைத்து நசுக்குகிறார்கள். பிறகு கடைசல் இயந்திரத்தில் வேண்டாததையெல்லாம் சீவி எடுக்கிறார்கள். சீவி எறியும் உலோகம், இயந்திர நேரம், பிரஸ்ஸின் விலை, எல்லாம் சேர்ந்துதான் அந்த லட்சக் கணக்கு. பலத்தில் வித்தியாசம் உண்மை. வளைந்து திரும்பாமல் போகும் எல்லை, பதப்படுத்திய ஏ356க்கு ஏறக்குறைய 200 மெகாபாஸ்கல் என்றால் 6061க்கு 275 சுற்றி. அதனால் குறைந்த உலோகத்தில் அதே சுமையைத் தாங்க வைக்கலாம், வார்ப்பைவிடக் கால் பங்கு வரை எடையைக் குறைக்கலாம்.

இந்த உலகத்தின் செல்லப் பிள்ளை ஜப்பானில் ரேஸ் (Rays) என்ற பெயருள்ள வீல் கம்பெனி 1996இல் கொண்டுவந்த டிஇ37. பெயரிலுள்ள 37, அதன் 15 இன்ச் 6ஜே (அதாவது 6 இன்ச் அகல) வீலின் எடையான 3.7 கிலோவைக் குறிப்பது. 15 இன்ச்சில் நாலு கிலோவுக்குக் கீழே! உங்கள் பழைய வீல் ஏழு கிலோவைத் தாண்டும், தராசில் வைத்துப் பாருங்கள், பெருமூச்சு வரும். அந்த வீலின் ஆறு ஆர வடிவத்தை அப்படியே பார்த்து வார்த்த நகல்கள் நம் ஊர்க் கடைகளில் ஏராளம். வடிவத்தைக் காப்பி அடிக்கலாம், எடையை அடிக்க முடியாது. உங்களுக்கு மதுரையில் காட்டியதும் இந்த ரகம் என்றுதான் என் ஊகம்.

ஒரு நுணுக்கம் சொல்கிறேன், விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள். பலம் வேறு, விறைப்பு வேறு. எந்த முறையில் செய்தாலும் அலுமினியத்தின் விறைப்பு ஒன்றுதான், 70 கிகாபாஸ்கல் சுற்றி. அதனால் ஒரே வடிவத்தை ஃபோர்ஜ் செய்து மெல்லிசாக்கினால், அது உடையாமல் தாங்கும், ஆனால் திருப்பங்களில் இம்மி கூடுதலாகவே நெளியும். நல்ல கம்பெனிகள் ஆரத்தின் வடிவத்தை மாற்றி இதைச் சமாளிக்கின்றன. எடை ஒன்றை மட்டும் துரத்தினால் வேறெங்கோ கொடுக்க வேண்டியிருக்கும்.

இரும்பு வீலை மறந்துவிட்டோம். தகட்டை அழுத்திச் செய்த தட்டு, உருட்டி வளைத்த ரிம், இரண்டையும் சேர்த்து வெல்டிங். சென்னை பாடியில் 1960இல் தொடங்கிய வீல்ஸ் இந்தியா இரும்புச் சக்கரத்துக்குப் பெயர்போன கம்பெனி. இரும்பு அலுமினியத்தைப்போல் மூன்று மடங்கு அடர்த்தி, ஆனால் பலமும் அதிகம் என்பதால் தகடு மெல்லிசாகப் போதும். இதனால்தான் அலாய் என்றாலே லைட் என்ற நம்பிக்கை பொய்யாகிறது. என் கடைத் தராசில் 14 இன்ச் இரும்பு வீல்கள் ஏழு கிலோ சுற்றி நிற்கும். அதே அளவில் மலிவு அலாய் ஏழரை, எட்டு என்று ஏறியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அழகுக்குக் காசு கொடுங்கள், தப்பே இல்லை. எடை குறையும் என்று நினைத்துக் கொடுக்காதீர்கள்.

மற்ற வகைகளை வேகமாகத் தாண்டிவிடுவோம். இரண்டு மூன்று துண்டாகச் செய்து சுற்றிலும் போல்ட் போட்டு இணைக்கும் வீல்கள் உண்டு. ஜெர்மனியின் ஷில்டாக் ஊரில் 1970இல் பிறந்த பிபிஎஸ் அதில் பேர் வாங்கியது. அழகு, வேண்டிய அகலத்துக்குச் செய்யலாம், ஒரு துண்டு அடிபட்டால் அதை மட்டும் மாற்றலாம். எடையில் லாபம் பெரிதாக இல்லை, சீலன்ட் விட்டால் காற்றுக் கசியும். மெக்னீசியம் அலுமினியத்தைவிட மூன்றில் ஒரு பங்கு லேசு, ஃபார்முலா 1 வண்டிகளில் அதுதான். ஆனால் ஈரமும் உப்பும் பட்டால் அரிக்கும். உலோக அரிப்பையும் ஆராயும் சிக்ரி என்ற மின்வேதியியல் ஆய்வு நிலையம் இருக்கும் ஊரில் உட்கார்ந்து, தொண்டி கடற்கரைக்கு மெக்னீசியம் வீலோடு போகிறேன் என்றால் சிரிப்பார்கள். கார்பன் ஃபைபர் வீலை ஃபோர்டு தன் ஷெல்பி ஜிடி350ஆர் காரில் கம்பெனியிலிருந்தே போட்டுக் கொடுத்தது. அந்த ஒரு செட் விலையில் இங்கே ஸ்விஃப்ட்டே வாங்கலாம்.

சரி, எடை குறைந்தால் என்ன ஆகும்? இங்கேதான் கதைகள் அதிகம். "வீலில் ஒரு கிலோ குறைந்தால் வண்டியில் பத்து கிலோ குறைந்த மாதிரி" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். கணக்குப் போட்டால் நிற்காது. வீல் முன்னால் நகரவும் வேண்டும், சுழலவும் வேண்டும். எடை முழுவதும் விளிம்பிலேயே இருந்தால்கூட, வேகம் எடுக்கும்போது ஒரு கிலோ இரண்டு கிலோவாக நடிக்கும், அதற்கு மேல் போகாது. உண்மையான வீலில் நடுவிலும் உலோகம் இருப்பதால் ஒன்றரை மடங்கு சொச்சம்தான் வரும்.

உங்கள் வண்டிக்கே போட்டுப் பார்ப்போம். 7.6 கிலோ வீலைக் கழற்றி 5 கிலோ ஃபோர்ஜ்டு 15 இன்ச் போட்டதாக வையுங்கள். நாலு வீலுக்கும் சேர்த்துப் பத்தரை கிலோ குறைந்தது, நடிப்பில் 16, 17 கிலோ. இரண்டு பேர் ஏறிய ஸ்விஃப்ட் ஆயிரம் கிலோவைத் தாண்டும். ஒன்றரை சதவீத லாபம். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 12 வினாடி ஆகும் வண்டி 11.8 வினாடியில் தொடும். அதற்கு இரண்டு லட்சமா? ரேஸ் ஓட்டுபவருக்குச் சரி. மானகிரி தாண்டி ஆத்தங்குடிக்குப் போகிறவருக்கு வேண்டாம்.

இப்போது எதிர்த் திசையில் பாருங்கள். மதுரைக் கடையின் 17 இன்ச் வீல் 11.2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீலுக்கு மூன்றரை கிலோ கூடியது மட்டும் இல்லை, அந்த எடை நடுவிலிருந்து இன்னும் தள்ளிப் போய்விட்டது. சுழற்றும் கஷ்டம் விட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 15ஐ 17 ஆக்கினால், எடை மாறாமல் இருந்தால்கூட 28 சதவீதம் கூடும். எடையும் சேர்ந்து ஏறியதால், சுழற்றும் சுமை பழைய வீலைவிடக் கிட்டத்தட்ட 1.9 மடங்கு. டயரையும் சேர்த்துப் பார்த்தால் விகிதம் இறங்கும், ஏனென்றால் சுற்றும் சுமையில் டயரின் பங்குதான் பெரிது. ஆனாலும் சிக்னலில் கிளம்பும்போது வண்டி சோம்புவது தெரியும், மைலேஜிலும் கொஞ்சம் கடிக்கும். ஆக, ஒவ்வொரு இன்ச் ஏற்றும்போதும் நல்ல செய்முறை மிச்சம் பிடித்த எடையை அளவு தின்றுவிடுகிறது. 17 இன்ச் ஃபோர்ஜ்டைவிட 15 இன்ச் சாதாரண வார்ப்பு லேசாகச் சுற்றுவதைக்கூடப் பார்க்கலாம்.

அப்பச்சி முதுகுக்கு வருகிறேன், இதுதான் உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை, அதாவது வீல், டயர், பிரேக் டிஸ்க், ஹப் எல்லாம் சேர்ந்து, உங்கள் வண்டியின் முன் மூலை ஒன்றில் 30 கிலோ சுற்றி இருக்கும். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது இந்த முப்பதும் துள்ளுகிறது, அதை அடக்க ஷாக் அப்சார்பர் பாடுபடுகிறது. அதில் அந்த மூன்றரை கிலோவைக் கூட்டினால் 12 சதவீதம் ஏற்றம். ஷாக் அப்சார்பர் பழையதுதானே, அது புது எடைக்குத் தயாராக இல்லை. விளைவு, சீட்டில் தட்டும்.

அதைவிடப் பெரிய அடி டயர் சுவரில். இந்த மூன்று அளவையும் பாருங்கள். 185/65 ஆர்15 டயரின் மொத்த விட்டம் 621 மில்லிமீட்டர், சுவர் உயரம் 120. 195/55 ஆர்16 விட்டமும் 621தான், சுவர் 107. 205/45 ஆர்17 விட்டம் 616, சுவர் 92. வெளி விட்டம் ஏறக்குறைய மாறாததால் ஸ்பீடோமீட்டருக்குப் பிரச்சினை இல்லை, கடைக்காரர் அதைத்தான் பெருமையாகச் சொல்வார். ஆனால் பள்ளத்துக்கும் ரிம்முக்கும் நடுவில் இருந்த மெத்தையில் கால் பங்கு போய்விட்டது. சுமை எண்ணையும் பாருங்கள். 15 இன்ச் டயரில் 88, அதாவது 560 கிலோ. 17இல் சாதாரண 84 வந்தால் 500தான். ஸ்விஃப்ட்டுக்குப் போதும், ஆனால் காற்று குறைய விட்டால் மன்னிக்காது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடம் முன்னால் என் சொந்த வண்டிக்கு ஆசைப்பட்டு 17 போட்டேன். பார்க்க ராஜா மாதிரி இருந்தது. ஒரு ராத்திரி பிள்ளையார்பட்டியிலிருந்து திரும்பும்போது, வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடை ஒன்றில் சடாரென்று ஏறிவிட்டேன். இறங்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. மறுநாளிலிருந்து தினம் காலையில் முன் இடது டயரில் ஐந்தாறு பாயின்ட் காற்று குறையும். வால்வை மாற்றினேன், பஞ்சர் தேடினேன், ஒரு வாரம் ஓடியது. கடைசியில் டயரைக் கழற்றிச் சோப்புத் தண்ணீர் தடவியபோதுதான், ரிம்மின் உள்பக்க விளிம்பில் முடி அளவு கிராக் குமிழி விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் வீல் புதுசு. நாலு டயருக்கும் ரிம்முக்கும் காசு கொடுக்கும்போது எல்லாரும் முகப்பைத்தான் பார்க்கிறோம், அடி வாங்குவது எப்போதும் உள்பக்கம்.

நம் பக்கத்து ரோடுகளைச் சொல்லவும் வேண்டும். திருமயம் போகிற சாலையோ, திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை போகிற சாலையோ, அங்கே எந்த வீலும் ஓடும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று ஊருக்குள் நுழைந்த பிறகுதான் சோதனை. நேர்நேரான அகலத் தெருக்கள், ஆட்டம் போடாமல் போகலாம் என்று தோன்றும். குழாய்க்குத் தோண்டி மூடிய குறுக்குப் பள்ளம் அங்கேதான் காத்திருக்கும். ஊரணி ஓரத்தில் தார் முடிந்து செம்மண்ணும் செம்பறாங்கல்லும் பல்லைக் காட்டும். இந்த அடிகளில் வார்ப்பு கிராக் விடும், ஃபோர்ஜ்டு வளையும், இரும்பு சீக்கிரமே வளையும், ஆனால் சுத்தியலால் தட்டி நேராக்கிவிடலாம்.

இங்கேதான் அந்தப் பதப்படுத்தும் கணக்கு. அலாயில் பென்ட் எடுக்கிறேன் என்று கேஸ் விளக்கை நேராகக் காட்டிக் கண்டபடி சூடாக்கி அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அலுமினியம் சிவப்பதற்கு முன்பே கெட்டுவிடும். 150 டிகிரியில் நிதானமாக வைத்து வாங்கிய பலத்தை ஐந்து நிமிடத் தீ எடுத்துவிடும். வீல் வட்டமாகிவிடும், பேலன்சிங் மெஷினில் அழகாகச் சுற்றும், அடுத்த பள்ளத்தில் தெரியும். விளிம்பில் லேசான பென்டை ஹைட்ராலிக் ஜாக்கில் மெதுவாகத் தள்ளி எடுக்கலாம். ஆரத்திலோ நட்டு உட்காரும் இடத்திலோ கிராக் என்றால் வெல்டிங் வைக்கச் சொல்லி என்னிடம் வராதீர்கள், பழைய இரும்புக் கடைக்குப் போடுங்கள். உங்கள் பென்டான வீலையும் ஒருமுறை கழற்றிக் கொண்டுவாருங்கள், விளிம்பு மட்டும் என்றால் காப்பாற்றலாம். மீதி மூன்றுக்கும் பெயின்ட் அடித்தால் வேலையே முடிந்துவிடும். இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இல்லை, புதுசுதான் வேண்டும் என்றால், கடையில் வீலைப் புரட்டிப் போடுங்கள். முகப்பை யார் வேண்டுமானாலும் பளபளப்பாக்கலாம். பின்பக்கம் ஆரங்களின் குழிவு சொரசொரப்பாக, எழுத்துகள் புடைத்து நின்றால் அது வார்ப்பு. ஃபோர்ஜ்டில் பின்பக்கமும் இயந்திரம் சீவிய வரிகள் தெரியும், எழுத்து பொறித்ததாக இருக்கும். ஜேடபிள்யூஎல் என்று இருக்கிறதா பாருங்கள், ஜப்பான் தரநிலை அது. ஆனால் அதைத் தயாரிப்பவரே சோதித்துப் போட்டுக்கொள்ளலாம். பக்கத்தில் விஐஏ முத்திரையும் இருந்தால் வெளியாள் சோதித்தது என்று அர்த்தம். நம் நாட்டில் கார் வீலுக்கு ஐஎஸ் 9436 இருக்கிறது, ஐஎஸ்ஐ முத்திரையோடு அந்த எண்ணைத் தேடுங்கள். இந்தச் சோதனைகளில் வீலை வளைத்துச் சுற்றுவார்கள், பாரம் ஏற்றி உருட்டுவார்கள், 13 டிகிரி சாய்த்து வைத்து மேலிருந்து எடையைப் போட்டு விளிம்பை அடிப்பார்கள். கடைசியாகச் சொன்னதுதான் நம் வேகத்தடை.

சுமை எண் கட்டாயம் பாருங்கள். ஸ்விஃப்ட்டுக்கு 500 கிலோ தாங்கும் வீல் தாராளம். ஆனால் உங்கள் வீட்டில் இனோவாவும் இருந்து, போல்ட் ஓட்டை பொருந்துகிறது என்று ஏதோ சின்னக் கார் வீலை அதில் மாட்டிப் பார்க்கும் எண்ணம் இருந்தால், வேண்டாம். ஏழு பேரும் அண்டா குண்டாவும் ஏறினால் அது இரண்டேகால் டன்னைத் தாண்டும் வண்டி.

பொருத்தத்தில் போல்ட் வட்டம் 4×100, அதாவது 100 மில்லிமீட்டர் வட்டத்தில் நாலு போல்ட், சரியாக இருந்தால் போதாது. நடு ஓட்டை ஸ்விஃப்ட்டில் 54.1 மில்லிமீட்டர், வெளிச்சந்தை வீல்களில் பெரிதாகவே விடுவார்கள். இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் எண்பதில் ஸ்டியரிங் உதறும், பழியை என் பேலன்சிங் மேல் போடுவீர்கள். ஆஃப்செட், அதாவது வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் தள்ளியிருக்கும் தூரம், பத்து மில்லிமீட்டர் குறைந்தால் வீல் அத்தனை தூரம் வெளியே தள்ளும், பேரிங்குக்குப் பாரம், பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தால் ஃபென்டரில் உரசும். நட்டின் கூம்பு வீலின் கூம்போடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். பழைய நட்டைத் தூக்கிப் போடாதீர்கள், இரும்பு ஸ்டெப்னிக்கு அது வேண்டும்.

என் வாக்கு: 15 இன்ச், 6ஜே, ஏழு கிலோவுக்குள், முத்திரையும் சுமை எண்ணும் உள்ள குறைந்த அழுத்த வார்ப்பு. செட் 25 முதல் 35 ஆயிரத்துக்குள் முடியும், இருக்கும் டயரையே போட்டுக்கொள்ளலாம். மிச்சக் காசில் பின் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றுங்கள், அப்பச்சி அதைத்தான் கவனிப்பார். கொஞ்சம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று ஆசை விடவில்லையானால் அந்த ஃப்ளோ ஃபார்ம்டு 16, தராசில் எட்டு கிலோவுக்குக் கீழே நின்றால் மட்டும். அப்போது டயரும் புதுசு வாங்க வேண்டும், பட்ஜெட்டில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 17 வேண்டாம்.

எதைப் போட்டாலும் படைப்புக்கு முதல் நாள் போடாதீர்கள், பத்து நாள் முன்னாலேயே போட்டுவிடுங்கள். புது அலாயில் நட்டு உட்கார்ந்து இளகும். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு டார்க் ரெஞ்ச் வைத்து, வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு ஒருமுறை இறுக்க வேண்டும். தேவகோட்டையிலிருந்து என் கடைக்கு வந்து போகும் தூரம் அதில் பாதிகூட வராது, அதனால் நடுவில் மதுரைக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். இறுக்குவதற்குக் காசு வாங்க மாட்டேன்.